ஏணி கேட்டு வந்தவர்

அவர் குடிநீர்த் துறையில் மீட்டர் பார்ப்பவர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வருவது வேலை. ஒரு நாளைக்கு அறுபத்து நான்கு வீடுகள். ஒரு வீட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் கடைசித் தெரு மறுநாளைக்குப் போய்விடும். இருபத்து மூன்று ஆண்டுகள் இப்படி நடந்ததில் வாசலில் நிற்பது அவருக்கு ஒரு வித்தையாகவே படிந்துவிட்டது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கை கதவில் படாது. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார். முகத்துக்கு நான்கு விரல் தள்ளிப் பார்ப்பார்.

நாங்கள் நகைச்சுவைத் தொடர் எடுத்த கூடம் முன்பு காகிதக் கிடங்காக இருந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒளிப்பதிவு. நூற்று அறுபது நாற்காலிகளில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் நடிப்பார்கள்; அவர்கள் சிரிக்கும் சிரிப்புதான் தொலைக்காட்சியிலும் போகும். நான் அங்கே பதிவுக்காரன். யார் எந்தக் கையில் டம்ளர் வைத்திருந்தார், எந்தப் பொத்தான் போடாமல் இருந்தது என்பதையெல்லாம் குறித்துவைப்பேன். எந்த வசனத்துக்கு எத்தனை விநாடி சிரிப்பு என்பதையும் நிறுத்துக் கடிகாரம் வைத்து எழுதுவேன்.

பதினேழாவது எபிசோட் நடந்துகொண்டிருந்தது. அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா என்பது வீட்டுத்தலைவியாக நடித்தவர். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கிடங்கின் தண்ணீர் மீட்டர் சமையலறையாகப் போட்டிருந்த அந்தத் தட்டிக்குப் பின்னால் இருந்தது. அரை நாளில் முடியாத மிச்ச வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்த மீட்டர்காரருக்கு அது தட்டி என்று தெரியாது. கதவைத் தள்ளினார். ஒரு காலை உள்ளே வைத்தார்.

“மீட்டர் எங்கம்மா இருக்கு?”

அக்கா வெங்காயத்தை விட்டுத் தலையைத் திருப்பினார். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். “ம்” என்றார்.

கூடம் அதிர்ந்தது. நான் எழுதியது இது: ‘எழுதாத வசனம். அந்நியர். சிரிப்பு 11 விநாடி.’

இயக்குநர் எழுந்து ஓடினார். “யாருய்யா அது? பிடிங்க, விட்டுடாதீங்க!”

“சார், நான் கவர்மெண்ட் ஆளு சார். கார்டு இருக்கு,” என்று அவர் சட்டைப் பையைத் தடவினார். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் அந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். வாராவாரம் வருவார், ஏணி கேட்பார், போய்விடுவார். சனிக்கிழமை அரை நாள் என்பதால் அலுவலகத்திலும் ஆட்சேபம் இல்லை. அவரை ஊரே ஏணி என்று கூப்பிட ஆரம்பித்தது. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில், “வாங்க ஏணி, எங்க வீட்டுல ஏணி இல்லீங்க,” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் முகத்துக்கு நான்கு விரல் தள்ளிப் பார்த்துச் சிரிப்பார்.

எப்படி அது நடக்கும் என்பதற்கு எண்பத்து இரண்டாம் எபிசோடிலிருந்து ஒன்றைத் தருகிறேன்.

“ஏணி இருக்குமா?”

“போன வாரந்தானே வாங்கிட்டுப் போனீங்க?”

“மாடியில வெச்சுட்டேங்க. அதை எடுக்கத்தான் ஒரு ஏணி வேணும்.”

“ம்.”

ஒன்பது விநாடி. அவர் மனைவிக்குப் பயந்தவர் என்று வசனங்களில் வரும். அந்த மனைவி ஒருநாளும் திரையில் வந்ததில்லை. அவர் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்ததில்லை. சராசரியாக அவர் திரையில் நின்றது ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

சிரிப்பை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு முதல் மாதமே நான் ஒரு விதி வைத்திருந்தேன். சிரிப்பு வருவதற்கு முன் கடைசியாக எந்த வசனம் தாளில் இருக்கிறதோ, அந்த வசனத்துக்கு உரியவர் பெயரில் எழுத வேண்டும். வசனங்களுக்கு எண் உண்டு. அக்காவின் ‘ம்’முக்கு எண் இல்லை, அது தாளிலேயே இல்லை. கதை எழுதுகிறவரிடம் ஒருமுறை கேட்டேன். “‘ம்’மையெல்லாம் எழுதுவாங்களா சார்? மூச்சு விடுறதை எழுதுற மாதிரி இருக்கும்,” என்றார். நியாயமாகப் பட்டது.

இருநூற்றுப் பதினான்காம் எபிசோட் முடிந்ததும் தொடருக்குப் பணம் போட்ட முதலாளி என்னைக் கூப்பிட்டார். யாருக்கு எவ்வளவு சிரிப்பு என்று ஓர் அட்டவணை வேண்டும் என்றார். நான்கு நாளில் கொடுத்தேன். அக்கா: ஓர் எபிசோடில் பதினைந்து நிமிடம், சிரிப்பு ஐம்பத்து இரண்டு விநாடி. ஏணி: ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி, சிரிப்பு இருபத்தாறு விநாடி. நிமிடத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் ஏணிக்கு அக்காவைவிட நான்கு மடங்கு.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். “இந்த ஆளை வாசல்ல நிக்க வெச்சு என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கோம்? இவருக்குன்னு தனியா ஒரு தொடர் போட்டா இருபத்திரண்டு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் சிரிப்பு வருமேய்யா. நீங்க போட்ட கணக்குதானே இது?”

“ஆமாங்க,” என்றேன்.

அப்படித்தான் கிளைத் தொடர் பிறந்தது. ஏணிக்காரரே கதாநாயகர். அவருடைய வீடு, அவருடைய மனைவி, அவருடைய வேலை. வாரம் ஐந்து நாள் ஒத்திகை, ஒளிப்பதிவு. குடிநீர்த் துறையில் ஆறு மாத விடுப்புக் கேட்டார், தரவில்லை. வேலையை விட வேண்டும், அல்லது தொடரை விட வேண்டும்.

முதல் எபிசோடின் தாள்களைக் கொடுக்க அவர் வீட்டுக்கு நான்தான் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இரண்டு அறைகள், சுவரில் ஒரு காலண்டர், ஒரு குடை, அவருடைய அலுவலகப் பை. அவர் மனைவி பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். மேசையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. தேதி சரியா என்று பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது.

“சார், நீங்களாவது சொல்லுங்க,” என்றார் மனைவி. “உப்பு நல்லாருக்குன்னு ஒரு படி அள்ளித் தின்ன முடியுமா? வாசல்ல நின்னாத்தான் இவருக்கு மதிப்பு. உள்ள வந்து உட்கார்ந்தா எனக்கே பொழுது போகலை.”

“இருபத்தேழு வருஷமா அடுத்தவன் வாசல்லயே நின்னுட்டேன்,” என்றார் அவர். “ஒரு தடவை என் வீட்டுக்குள்ள நின்னு பார்க்கிறேனே.”

“இந்த வீட்டுக்குள்ள நிக்க யாரு வேணாம்னா? இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்திக் குடுங்கன்னு ஆறு மாசமா சொல்றேன்.”

“சாரோட அட்டவணையைப் பாரு. நாலு மடங்கு. சார் எழுத்து தப்பாது.”

மனைவி என்னைப் பார்த்தார். நான் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடிதம் போய்விட்டது.

கிளைத் தொடரின் முதல் ஒத்திகையிலேயே சிக்கல் தெரிந்தது. அரங்கில் ஒரு வீடு. மூன்று நாற்காலிகள், ஒரு மேசை. அவர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“சார், எங்க நிக்கட்டும்?”

“நிக்காதீங்க. உட்காருங்க,” என்றார் இயக்குநர். “உங்க வீடுங்க இது.”

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், கதவைப் பார்த்தபடி. யாரோ வந்து தன்னை வெளியே அனுப்பப்போகிறார்கள் என்பது போல. கதவை இன்னொருவர் தட்டினால் இவர் எழுந்து திறக்க வேண்டும். திறந்ததும் பழக்கத்தில் ஒரு காலை வெளியே வைத்துவிடுவார். வந்தவரும் இவரும் வாசலில் மோதிக்கொள்வார்கள். அதற்கு இரண்டு வாரம் சிரித்தார்கள்.

இருபத்திரண்டு நிமிடத்தை நிரப்ப வேண்டுமே. கதை எழுதுகிறவர் திணறினார். “இத்தனை வருஷம் இவருக்கு ஒரு வரி எழுதினேன் சார். அந்த ஒரு வரிக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு யாரும் கேக்கலை. இப்ப கேக்கிறாங்க.” மனைவியைக் காட்ட வேண்டியதாயிற்று. நல்ல நடிகைதான்; ஆனால் பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு மனைவியை மனத்தில் வைத்திருந்தார்கள், யாருடைய மனைவியும் இவர் இல்லை. எதற்காக ஏணி கேட்கிறார் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறாம் எபிசோடில் சொன்னார்கள்: சிறு வயதில் அவருடைய அப்பா ஏணியிலிருந்து விழுந்து இறந்தாராம், அதனால் சொந்தமாக ஏணி வாங்கப் பயமாம். எழுதியவருக்கே எழுதும்போது கண் கலங்கியதாம். கூடத்தில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார்.

முதல் எபிசோடில் மொத்தச் சிரிப்பு நூற்று நாற்பத்தொரு விநாடி. அதில் அவர் முகம் தெரிந்ததும் தட்டிய கைத்தட்டலோடு சேர்ந்த சிரிப்பு மட்டும் இருபத்து நான்கு. ஐந்தாவதில் எழுபது. ஒன்பதாவதில் முப்பத்தொன்று. வசனங்கள் மோசம் என்று சொல்லமுடியாது. பழைய வசனங்கள் சிலவற்றையே திருப்பிப் போட்டார்கள். ‘அதை எடுக்கத்தான் ஒரு ஏணி வேணும்’ என்பதை மனைவியிடம் சொல்ல வைத்தார்கள். ஒன்றரை விநாடி.

ஒத்திகையில் அவர் அந்த நடிகையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “அம்மா, நான் சொன்னதும் ஒரு ‘ம்’ போடுங்களேன்.”

“நான் என்ன, கதை கேக்கிற குழந்தையா, ம் கொட்ட?” என்றார் அவர். இருந்தாலும் நல்ல மனது, போட்டார். சரியாக வரவில்லை. இன்னும் ஆறு விதமாகப் போட்டுக் காட்டினார். ஒன்றில் தூக்கம் இருந்தது, ஒன்றில் கோபம் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளிநாடா அறைக்குப் போய், பழைய தொடரில் அவர் வந்த நூற்றுத் தொண்ணூற்றொரு எபிசோடுகளின் வாசல் காட்சிகளையும் போட்டுக் கேட்டேன். ஒன்பது பிற்பகல்கள் ஆயின. அவர் பெயரில் நான் எழுதியிருந்த சிரிப்புகள் அறுநூற்றுப் பதினொன்று. அவற்றில் ஐந்நூற்று அறுபத்தெட்டு, அக்காவின் ‘ம்’ முடிந்த பிறகு தொடங்கியவை. அவர் வசனம் முடியும், கூடம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும், ‘ம்’ வரும், பிறகுதான் வெடிக்கும். பிழை என்னுடையது. அட்டவணையில் ஓர் எழுத்துக்கு இடம் விடாத பிழை.

முதலாளியிடம் சொன்னேன். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா,” என்றார். “சரி, அக்காவை ஒரு வாரம் இங்க வரச் சொல்லலாம். ‘ம்’தானே? வந்து சொல்லிட்டுப் போகட்டும்.”

ஏணிக்காரரிடமும் சொன்னேன். எண்களைச் சொல்லவில்லை, சிரிப்பு ‘ம்’முக்குப் பின்னால்தான் வருகிறது என்று மட்டும் சொன்னேன். 

“வசனத்தைச் சொல்லி முடிச்சதும் எனக்கு ஒரு பயம் வரும் சார். அக்கா ‘ம்’னதும் போயிடும். அது பயம் போற சத்தம்னு நினைச்சேன்.” பிறகு முகம் தெளிந்து, “அக்கா வராங்கன்னா சரியாயிடும்,” என்றார்.

பன்னிரண்டாம் எபிசோடுக்கு அக்கா வந்தார். ஒப்பனை அறையில் அவர் காலைத் தொடக் குனிந்தார் ஏணிக்காரர், அக்கா விலகிக்கொண்டு, “அட, என்னங்க இது, ஏணி கேக்கிற ஆளு கால்ல விழலாமா? மேல பாருங்க,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த மாதத்தில் ஏணிக்காரர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

காட்சி இது. பழைய பக்கத்து வீட்டம்மா இவர் வீட்டைத் தேடி வருகிறார். இப்போது வாசலில் நிற்பது அக்கா. உள்ளே இருப்பது இவர். மனைவி முந்தின காட்சியில்தான் இவரைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அக்கா, “எங்க ஏணியை எப்பத் தருவீங்க?” என்று கேட்க வேண்டும்.

“தந்திருப்பேங்க,” என்றார் இவர். “ஏணி மேல என் பொண்டாட்டி நிக்கிறா. இறங்குன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.”

நல்ல வசனம். இவர் சொன்னதும் நன்றாக இருந்தது. அதே வேகம், அதே நான்கு விரல் தள்ளிய பார்வை. கூடம் மூச்சைப் பிடித்தது. அக்கா மேலிருந்து கீழே பார்த்தார்.

“ம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். இன்னொருவர், அப்புறம் ஏழெட்டுப் பேர். ம் கொட்டினால் சிரிப்பார்கள் என்று பார்த்தோம், உச்சுக்கொட்டினார்கள். தொந்தரவு செய்ய வந்தவனிடம் சொன்னால் அந்த ‘ம்’ இடிப்பு. தன் வீட்டில் உட்கார்ந்து கஷ்டப்படுகிறவனிடம் சொன்னால் அதுவே ஆறுதல். எழுத்து ஒன்றுதான், சொன்ன வாயும் ஒன்றுதான், வாசலின் பக்கம்தான் மாறியிருந்தது. சிரிப்பு சுழியம் என்று எழுதினேன். உச்சு இரண்டு விநாடி.

பதின்மூன்றாம் எபிசோடோடு நிறுத்தினார்கள்.

குடிநீர்த் துறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மிச்சம் இருந்தது பழைய தொடரின் வாசல் ஒன்றுதான். அங்கே இவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி கேட்டு வருகிற ஒரு பேராசிரியர் குடியிருந்தார். இருந்தாலும் இயக்குநர் மனம் இரங்கி, “ஒரு வாரம் வந்து பாருங்க. ஜனங்க ஏத்துக்கிட்டா பேராசிரியரை மாத்திடலாம்,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மனைவியும் வந்திருந்தார், கடைசி வரிசையில். ஏணிக்காரர் கதவைத் தள்ளியதும் கைத்தட்டல். பதினாறு விநாடி. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“ஏணி இருக்குமா?”

அக்கா தலையைத் திருப்பினார். மேலிருந்து கீழே பார்த்தார். நூற்று அறுபது பேரும் காத்திருந்தார்கள். அக்காவின் உதடு சேர்ந்தது, பிரிந்தது.

“உள்ள வாங்க,” என்றார். “வந்து உட்காருங்க.”

இது தாளில் இல்லை. அவர் இயக்குநர் பக்கம் பார்த்தார். பிறகு வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்து, வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வசனம் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தார்கள். இரண்டாம் முறை அக்கா ‘ம்’ என்றார். உடம்பு சரியில்லாதவரிடம் சொல்கிற ‘ம்’. மூன்றாம் முறைக்கு அக்கா வரவில்லை. கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இயக்குநரிடம் வந்தார்.

“என்னால ஆகலைங்க. முன்னாடி இந்த மனுஷனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப அவங்க அப்பா விழுந்ததைப் பார்த்துட்டேன், வீட்டுல திட்டு வாங்குறதைப் பார்த்துட்டேன். எப்படிங்க இடிக்கிறது?”

அந்தக் காட்சி வெளிவரவில்லை. பேராசிரியர் தொடர்ந்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கு, திருத்திய அட்டவணையை எடுத்துக்கொண்டு ஏணிக்காரர் வீட்டுக்குப் போனேன். தவறானதைக் கொடுத்தவன் சரியானதையும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால், அது எனக்காகச் செய்ததுதான். மைத்துனரின் குழாய்க் கடையில்தான் அவருக்கு அப்போது வேலை. அன்றைக்குக் கடை விடுமுறை. பீரோ நகர்ந்திருந்தது.

அவர் தாளை வாங்கி, மீட்டர் பார்க்கிற மாதிரி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்.

“அறுநூத்திப் பதினொண்ணுல ஐந்நூத்தி அறுபத்தெட்டு அக்காவோடது.”

“ஆமாம்.”

“அப்ப நாப்பத்து மூணு என்னோடது.”

நான் பையை மூடினேன். அவர் விடவில்லை. “எது எதுன்னு இருக்கா சார்? நீங்க எழுதி வெச்சிருப்பீங்களே.”

இருந்தது. “இருபத்திரண்டு, கதவு சிக்கிக்கிட்டதுக்கு,” என்றேன். “தச்சர் சரியா இழைக்கலை. நீங்க ரெண்டு தடவை தள்ளினீங்க.”

“சரி. மிச்சம் இருபத்தொண்ணு.”

“பன்னிரண்டு, வசனத்தை மறந்துட்டு முழிச்சதுக்கு.”

“அது நான் முழிச்சதுதானே?” என்றார். பிறகு அவரே, “இல்லை, அது மறந்ததுக்குச் சிரிச்சது. எழுதிக்குங்க. ஒன்பது.”

“நாலு, மூணாவது வரிசையில ஒரு அம்மா. எதுக்கும் சிரிப்பாங்க. அவங்க ஆரம்பிச்சா மத்தவங்களும் சிரிச்சாங்க.”

“அஞ்சு,” என்றார் அவர். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “அந்த அஞ்சு?”

பையிலிருந்து இரண்டாம் தாளை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து என் கையிலிருந்த தாளைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“சார்,” என்றார், “அந்த அஞ்சையாவது விட்டு வைங்களேன்.”

நான் விட்டுவிட்டேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு விரல் தள்ளி இல்லை; நேராக. என் முகத்துக்கு மறைக்கத் தெரியாது.

“சரிங்க சார்,” என்றார். “நீங்க கிளம்புங்க. இருட்டிடும்.”

வெளியே நல்ல வெயில் இருந்தது.